தினமும் மாற்றுகிறோம்

கோவர்த்தனனின் ஆங்கிலத்தில் இன்று ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு லாட்ஜின் கவுண்டரில் நின்று, வருகிறவர்களிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். அமெரிக்காவிலிருந்து மொட்டை போட வந்த பிள்ளைகள்கூட அசந்துபோகிறார்களாம். சொல்லிக்கொடுத்தது நான்தான். மைத்ரேயி, எம்.ஏ. ஆங்கிலம். யாராவது இதை என்னிடம் பாராட்டிச் சொன்னால் எனக்குப் புளித்த ஏப்பம் வருகிறது.

லாட்ஜின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் முதலாளி ஹரிபாபு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் வேலை பார்த்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரிலிருந்து என்னை அங்கே மத்தியான வகுப்புக்கு அனுப்பினார்கள். செல்போனில் ரூம் பிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியோடு ஹரிபாபு சேர்ந்திருந்தார். அதில் நட்சத்திரம் ஏறினால் வெளிநாட்டுக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் ஊழியர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். அதற்கு நான்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வீடு கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம். எச்சில், பத்து, மடி, விழுப்பு என்று எதைத் தொட்டாலும் ஒரு பெயர் உள்ள வீடு. என் அம்மா வஸுமதிக்கு நான் லாட்ஜுக்குப் போவதே பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்து, “அங்க எத்தனை பேர் படுத்துண்ட கட்டிலோ, கர்மம்! நேரே ஸ்நானத்துக்குப் போ. வழியில ஒண்ணையும் தொட்டு வைக்காதே” என்பாள். வேறு எதற்காவது அம்மா இப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போனேன்.

அந்த லாட்ஜில் ஒரே குடும்பம் நாள் முழுக்க ஓர் அறையில் தங்குவது அபூர்வம். மலைக்குப் போகுமுன் குளித்துக்கொள்ள ஒரு குடும்பம் வரும். அது கிளம்பியதும், மலையிலிருந்து இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் இன்னொரு குடும்பம் அதே அறைக்கு வரும். இறங்கி வருகிறவர்கள் மொட்டை போட்டிருப்பார்கள். மொட்டையில் சந்தனம் அப்பியிருக்கும். அப்படியே தலையணையில் சாய்ந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விடிய விடியக் காத்திருந்து கால் கடுத்த ஜனங்கள். அவர்கள் எழுந்து போனதும் தலையணையில் மஞ்சள் மஞ்சளாய் வட்டம் இருக்கும், அதில் பொடி முடி ஒட்டியிருக்கும்.

அந்த உறையைத் துவைக்கப் போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. உறையை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டுவார்கள். விரிப்பைத் தலைமாடு கால்மாடாகத் திருப்புவார்கள். அடுத்த குடும்பத்துக்கு மேல்பக்கம் கீழே போகும். அதற்கும் அடுத்த குடும்பத்துக்குப் பக்கத்து அறை விரிப்பு இங்கே வரும், இங்கே இருப்பது அங்கே போகும். பிறகு கட்டிலின் மேலேயே தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை ஓர் இழுப்பு இழுத்து, ரோஜா வாசனை ஸ்ப்ரே அடித்துவிட்டால் புது ரூம். சூட்டில் வெந்த வியர்வையும் ரோஜாவும் கலந்து ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், சீ! எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

வகுப்பு கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கவுண்டர் ஆட்கள், லிஃப்ட்காரர், ரூம் பாய்கள் உட்காருவார்கள். பெருக்கித் துடைக்கும் பெண்களைச் சேர்க்கவில்லை. நான் கேட்டேன். “க்ளீனிங் லேடீஸ்கி இங்கிலீஷ் எந்துகு மேடம்?” என்று ஹரிபாபு சிரித்தார். அந்தப் பெண்களுக்கு எதற்கு ஆங்கிலம் என்று அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

கோவர்த்தனன் முன்வரிசை. நாற்பது தாண்டிய ரூம் பாய். மீசையைக் கத்தரித்து, தலையைப் படிய வாரி, சட்டைக் காலர் பொத்தான் வரைக்கும் போட்டு வந்து உட்காருவார். மற்றவர்கள் கொட்டாவி விடும்போது அவர் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கு எங்கே போகிறது, உதடு எப்படி மடிகிறது என்று கவனித்து, அப்படியே திருப்பிச் சொல்வார். இப்படி ஒரு மாணவன் அமைய வாத்தியார்கள் தவம் கிடப்பார்கள். நானும் ஆரம்பத்தில் பூரித்துத்தான் போனேன்.

ஹரிபாபு கேட்டதெல்லாம் அன்றாட வழக்கத்தைச் சொல்லும் வாக்கியங்கள். கட்டில் விரிப்புகளைத் தினமும் மாற்றுகிறோம். குளியலறையை இரண்டு வேளையும் கழுவுகிறோம். வடிகட்டிய தண்ணீர் தருகிறோம். ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு நிகழ்காலம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சிம்பிள் பிரசன்ட் என்று படித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சுலபத்தில் வராது. எதைச் சொன்னாலும் கூடவே ஒரு ‘கினு’ வேண்டும். வந்துக்கினு, போய்க்கினு, துன்னுக்கினு. அதை ஆங்கிலத்திலும் கொண்டுபோய் ஒட்டி, “வி ஆர் சேஞ்சிங் தி பெட்ஷீட்ஸ் டெய்லி” என்பார்கள்.

“அப்படிச் சொன்னா இந்த நிமிஷம் மாத்திண்டிருக்கோம்னு அர்த்தம். தினமும் செய்யற பழக்கம்னா, வி சேஞ்ச் தி பெட்ஷீட்ஸ் எவ்ரி டே. அவ்வளவுதான்” என்றேன்.

கோவர்த்தனன் எழுந்து நின்றார். “மேடம், நாம டெய்லி மாத்தறதில்லியே. செய்யாத வேலைக்கு இன்னா டென்ஸ்?”

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. “அதை உங்க முதலாளியைக் கேளுங்கோ” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “இல்ல மேடம், இதுதான் கரெக்ட்டு. இப்போ மாத்திக்கினு இருக்கறோம்னு சொன்னா, கேக்கற ஆளு ஷீட்ட தூக்கிப் பாத்துருவான். எவ்ரி டேன்னு சொன்னா எப்டிப் பாப்பான்? நேத்து வந்தானா அவன்? நாளைக்கு வருவானா? சேஞ்ச் எவ்ரி டே. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

இலக்கணப் புத்தகம் எழுதியவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது. மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவருக்குச் சொந்த ஊர் வடமாலபேட்டைப் பக்கம். கொஞ்சம் கரும்பு நிலம் இருந்து, பங்காளிகள் பிரித்ததில் வரப்புதான் மிஞ்சியது. பத்தாவது தாண்டவில்லை. சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சீசனுக்குச் சீசன் வேலை. அழுகிய பழத்தைப் பொறுக்கி எறிகிற இடத்தில் நிறுத்திவிட்டார்களாம். கணுக்கால் வரைக்கும் சாறு, சாற்றில் புழு, தலைக்கு மேல் ஈ. அங்கேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஈயை ஒரு கையால் விரட்டி மறு கையால் தின்பார்களாம். “அந்த நாத்தத்த மோந்த மூக்கு மேடம். உங்க ரோஸ் ஸ்ப்ரே நாத்தமெல்லாம் எனக்கு ஒண்ணுமே கெடையாது” என்று ஒரு நாள் சொன்னார். அந்த இடத்திலிருந்து அவரை இழுத்து வந்து இந்த லாட்ஜில் சேர்த்தது அவருடைய அக்கா கன்னியம்மாள்.

கன்னியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் கோவர்த்தனனைப் பற்றிச் சொல்ல முடியாது. புருஷன் இன்னொருத்தியோடு சத்யவேடு பக்கம் போய்விட்டான். பிள்ளைகுட்டி கிடையாது. லாட்ஜில் பெருக்கித் துடைக்க முதலில் வந்தவள் இவள்தான். தம்பியையும், தம்பி பெண்டாட்டியையும், அவர்கள் பெண் ஹரிதாவையும் ஊரிலிருந்து கூட்டி வந்து ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் வைத்துக்கொண்டாள். ஹரிதாவைப் பட்டப்படிப்பு வரைக்கும் படிக்க வைத்ததில் பாதி உழைப்பு அவளுடையது. அதற்காக அவள் ஒன்றும் சாதுவும் இல்லை. வாய் நீளம். மாடிப்படியில் நின்று ஒரு சத்தம் போட்டால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

கட்டிலில் இஸ்திரி போடுவதும் அவள்தான். ஒரு நாள் நான் கதவோரம் நின்று, “ஐயோ, இந்த உறையையா திருப்பி மாட்டறேள்? கண்றாவி!” என்று கத்திவிட்டேன்.

“இந்த அம்மாவுக்கு இன்னா மூக்கும்மா இது!” என்று இடுப்பில் கை வைத்தாள். “நானா ஆசப்பட்டு மாட்டறேன்? துவைக்கப் போட்டா பதிலுக்குப் போட வேற ஷீட்டு வேணாமா? கேட்டுக் கேட்டு என் வாய் வலிக்குது. உன் மொதலாளிகிட்டப் போய் கத்து, போ.”

நான் போய்க் கத்தினேன். மனிதர் தின்று எறிந்த எச்சில் இலையைக் கழுவி அடுத்தவனுக்குப் போடுவீர்களா, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்டேன். ஹரிபாபு பல்லைக் குத்திக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பல்லிலிருந்து வந்ததைக் கண்ணாடி மேஜையின் விளிம்பில் தடவினார். பிறகு, “மேடம், மீரு டென்ஸ் சூசுகோண்டி. ஷீட்ஸ் மேமு சூசுகுண்டாமு” என்றார். டென்ஸை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், விரிப்பை அவர் பார்த்துக்கொள்வாராம். தூ!

அன்றிலிருந்து அந்தக் கட்டிடத்தில் என்னைக் கண்டால் எல்லோரும், “அசிங்கம் மேடம் வர்றாங்க” என்று சிரிப்பார்கள். கன்னியம்மாளும் சிரிப்பாள். ஆனால் வகுப்பு நடக்கும்போது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் வந்து நிற்பாள். தம்பி எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லும் புரியாது. அவன் வாயிலிருந்து வந்தால் போதும், மாரியம்மன் கோயிலில் தீபாராதனை பார்க்கிறவள் போலக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். “எப்டிப் பேசறான் பாத்தியா டீச்சரம்மா? எங்க வம்சத்துலயே எவனுக்கும் இந்த வாய் இல்ல” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஹரிதாவுக்குச் சித்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுனிலுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. நல்ல இடம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா பேச்சுவாக்கில், “நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்டிருக்கிறார். கோவர்த்தனன் யோசிக்காமல், “ஓட்டல்ல சூப்பர்வைசர்” என்று சொல்லிவிட்டார். அவர்களும் சந்தோஷமாக, “அப்போ நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி மலைக்கு வரும்போது உங்க ஓட்டல்லயே தங்கிடறோம்” என்றிருக்கிறார்கள்.

அதைச் சொல்ல என்னிடம் வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. “அவங்க வர்றதுக்குள்ள எனக்கு அந்தக் கோட்டு வந்துடணும் மேடம். ரூம் பாய்னு தெரிஞ்சா சம்பந்தம் பூடும். பொண்ணு செத்துருவா” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. ரூம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனியிலிருந்து லாட்ஜைப் பார்வையிட வரும் ஆளிடம் யார் தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கிறார்களோ அவர்களுக்குக் கோட்டு என்று ஹரிபாபு எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்து அவருக்கு நான் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பார்வையிட ஆள் வருமுன்னே விஷயம் சிக்கலாகிவிட்டது. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று தலையணையைப் படம் பிடித்துச் செல்போனில் போட்டுவிட்டது. மஞ்சள் வட்டம், முடி, எல்லாம் பளிச்சென்று. குழந்தைக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு என்று எழுதியிருந்தார்கள். நட்சத்திரம் மடமடவென்று இறங்கியது. லாட்ஜின் பெயரையே எடுத்துவிடுவோம் என்று கம்பெனி மிரட்டியது. ஹரிபாபு ஓடிப்போய் மேல்மாடி அறைகளுக்கு மட்டும் புது விரிப்பு வாங்கிப் போட்டார். கீழே பழைய கதைதான்.

வந்தது ஒரு வடக்கத்திப் பெண். சின்ன வயது, முதுகில் பை, கையில் டேப்லெட். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. யாராவது தடுமாறினால் எடுத்துக்கொடுக்க ஹரிபாபு என்னையும் வரச்சொல்லியிருந்தார். கோவர்த்தனன் கடன் வாங்கிய டை கட்டிக்கொண்டு அவளை மேல்மாடிக்கு அழைத்துப் போனார். “வி சேஞ்ச் தி பெட்ஷீட்ஸ் எவ்ரி டே, மேடம். வி கிளீன் தி பாத்ரூம் ட்வைஸ் எ டே.” தண்ணீர் ஓடுவது போல வந்தது. அவள் புது விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஹரிபாபுவுக்கு மூச்சு வந்தது.

படி இறங்கும்போது அந்தப் பெண் இரண்டாம் மாடியில் நின்றாள். அங்கே கதவு திறந்திருந்த ஓர் அறையைக் காட்டி, இதைப் பார்க்கலாமா என்றாள். யாரும் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டாள். அங்கே கன்னியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையணை உறையைப் பிடித்து உருவினாள். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மஞ்சள் வட்டங்கள். விரிப்பைத் தூக்கினாள். அதன் அடியில் யாரோ ஒரு குழந்தை எப்போதோ மூத்திரம் போன கறை, அதன் மேல் இன்னொரு கறை. அவள் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்பாடா, இந்தக் கட்டிடத்தில் மூக்குள்ள இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“இதற்கு யார் பொறுப்பு?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹரிபாபு கோவர்த்தனனைப் பார்த்தார்.

கோவர்த்தனன் டையைச் சரிசெய்துகொண்டார். கன்னியம்மாள் துடைப்பத்தோடு ஓரமாக நின்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் சிரிப்பு. பெரிய இடத்து ஆட்களோடு தம்பி சரிசமமாகப் பேசப் போகிறான் அல்லவா? அவர் கையை நீட்டி அவளைக் காட்டினார்.

“ஷி டஸ் நாட் சேஞ்ச் தி ஷீட்ஸ், மேடம். ஐ டெல் ஹர் எவ்ரி டே. ஷி டஸ் நாட் லிஸன்.”

இவள் விரிப்பை மாற்றுவதில்லை. நான் தினமும் சொல்கிறேன். இவள் கேட்பதில்லை. மூன்று வாக்கியம், ஒரு திணறல் இல்லை, ஒரு பிழை இல்லை. தன் பக்கம் கை நீண்டதைப் பார்த்து, தன்னை அறிமுகம் செய்கிறான் என்று நினைத்துக் கன்னியம்மாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மாற்றுவதற்கு இங்கே விரிப்பே கிடையாது, கொடுத்தால்தானே மாற்றுவாள், இவர் சொல்வது பச்சைப் பொய் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திரும்பி, “நீங்கள் யார்?” என்றாள். ஹரிபாபு குறுக்கே புகுந்து, “இங்கிலீஷ் டீச்சர், மேடம். ஷி டஸ் நாட் கம் டு தி ரூம்ஸ்” என்றார். நான் அறைகள் பக்கமே வருவதில்லையாம். ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராத மனிதர், அவரும் தப்பில்லாமல் சொன்னார். அந்தப் பெண் டேப்லெட்டில் ஏதோ தட்டினாள். காரணம் தெரிந்துவிட்டது, தவறு செய்த ஊழியரை நீக்கிவிடுங்கள், புகாரை முடித்துவிடுகிறேன் என்றாள். வெளியே வந்ததும் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கை சுத்தமானதும் கிளம்பிப் போய்விட்டாள்.

இங்கிருந்து நான் அவனை அவன் என்றுதான் சொல்வேன். இதுவரைக்கும் கொடுத்த மரியாதை போதும்.

மாடிப்படியில் அவனை மறித்தேன். “உங்களுக்கு வெக்கமா இல்லையா? சொந்த அக்கா!”

“அக்கான்றதாலதான் மேடம் சொன்னேன்” என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. “வேற எவளையாவது கைகாட்டுனா அவ சும்மா வுடுவாளா? ஊட்டுக்கே வந்து மண்ண வாரித் தூத்துவா. எங்க அக்கா ஒண்ணும் பண்ணாது. அதுக்கும் வயசாயிடிச்சி, ஊட்ல ஒக்காந்து துன்னட்டுமே. சோறு நான் போடமாட்டனா?”

அவன் ஒரு படி இறங்கினவன் திரும்பி, என் முகத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“மேடம், ‘டெல் ஹர்’ தானே? ‘டெல் டு ஹர்’ இல்லியே? கரெக்ட்டாத்தானே சொன்னேன்?”

“கரெக்ட்தான்” என்றேன். வாத்தியார் வாய், கேட்ட கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லிவிட்டது. அந்த வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே கன்னியம்மாளைக் கூப்பிட்டு, “ரேப்பட்னுஞ்சி ராவொத்து” என்று ஹரிபாபு சொல்லிவிட்டார். நாளையிலிருந்து வராதே, அவ்வளவுதான். கோட்டு கோவர்த்தனனுக்கு வந்தது. தோள் கொஞ்சம் தொங்கினாலும் நன்றாகத்தான் இருந்தது என்று லிஃப்ட்காரர் சொன்னார். சித்தூர்க்காரர்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

மறுநாள், இனி இந்த லாட்ஜுக்கு வரமாட்டேன் என்று ஹரிபாபுவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் பஸ் நிலையம் வழியாக வீட்டுக்கு நடந்தேன். புத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு கட்டைப்பை, மடியில் ஒரு துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுக்குமுன் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“வாம்மா, அசிங்கம் மேடம்! இப்போ குளுந்துதா உன் மனசு? அசிங்கம் அசிங்கம்னு ஊரக் கூட்டிக்கினு இருந்தியே, கடைசில அந்த ஹிந்திக்காரப் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்துட்ட. நீ படபடன்னு கத்தினியே, நானே பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்!”

“நானா? யார் சொன்னா?”

“என் தம்பிதான் சொன்னான். ‘நான் எவ்ளோவோ பேசிப் பாத்தேன்கா, அந்த டீச்சர் வுடல’ன்னு சொல்லி அழுவறான். புள்ள ராத்திரி சோறு துன்னல.”

பஸ் நிலையத்துப் பாத்ரூம் நாற்றத்துக்கு நடுவே நின்றிருந்தேன். அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. “நீங்க எங்க கிளம்பிட்டேள்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஊருக்கு. சம்பந்திக்காரங்க வர்றாங்க, ஊடு சின்னது. நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் ஊர்லயே இருக்கான்னு தம்பி சொன்னான். வேல போன பொம்பள நடுவுல நின்னா நல்லாவா இருக்கும்?”

மாட்டேன், மாட்டேன் என்று எவ்வளவோ அடக்கினேன். முடியவில்லை. அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, அறையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் யார் பொறுப்பு என்று கேட்டது, முதலாளி தம்பியைப் பார்த்தது, தம்பி அவள் பக்கம் கை நீட்டியது, மூன்று வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம். நான் கத்தியது அவளுக்காகத்தான் என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் வாய் மூடி உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“அவன் சொன்னத அப்டியே சொல்லு” என்றாள். “தமிழ்ல வேணாம். அவன் எப்டிச் சொன்னானோ அப்டி.”

சொன்னேன். “ஷி டஸ் நாட் சேஞ்ச் தி ஷீட்ஸ். ஐ டெல் ஹர் எவ்ரி டே. ஷி டஸ் நாட் லிஸன்.”

தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இன்னொரு தபா.”

மறுபடியும் சொன்னேன். அவள் உதடு கூடவே அசைந்தது. முகம் மெல்ல மலர்ந்தது. “எவரி டே” என்று தானும் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். “எவ்ளோ நீட்டாப் பேசறான்! ஒரு எடத்துலயும் நிக்கல பாத்தியா?”

பஸ் வந்துவிட்டது. கன்னியம்மாள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். நான் கட்டைப்பையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். வெடுக்கென்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“பேச்சு அவனுதுதான். அர்த்தம் நீ சொல்றது இல்ல” என்றாள். “படிச்ச பொண்ணு, இப்டியா கூடப் பொறந்தவங்கள மூட்டி வுடுவ? எங்க தம்பி என்னப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்த தப்பாப் பேசறதில்ல.”

சொல்லிவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் கிளம்புகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.